நொய்யற்கரையில் மாணவர்க்கு ஒரு பணி

(கல்லூரி மாணவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பின்னலாடைக்குப் பெயர் பெற்ற திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழாய்வு நடத்தினர். இரும்பு உருக்கிய உலைகளும், மணி செய்த கற்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டும் கிடைத்தன. நம் வட்டாரத்தின் கைத்தொழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு இவையே சான்று.

கல்வட்டங்களும் பானை ஓடுகளும் கொங்கு நாட்டின் மேட்டு நிலங்களில் இன்றும் காணக்கூடியவை. மனையிடத்துக்காக நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரம் அவற்றை ஒரே பகலில் அழித்துவிடும். அதற்குமுன் அவற்றைப் பதிவு செய்வோர் யார்? பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இளங்கலை மாணவரே இதனைச் செய்யலாம்.

விடுமுறையில் ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். கண்ட பொருளின் புல எண், அளவு, படம் ஆகியவற்றைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மண்வெட்டியை மட்டும் தொடாதீர்கள். முறையின்றித் தோண்டினால் எப்பொருள் எவ்வடுக்கில் கிடந்தது என்பது அழியும். பிறகு அதன் காலத்தை அறிதல் அரிது. மானிடவியலில் விருப்பமுடையோர் சென்னிமலை நெசவாளரிடம் சென்று, தறியின் உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களை எழுதி வரலாம். முதியோர் மறைந்தால் அச்சொற்களும் மறையும்.

ஊரின் வரலாற்றைக் காப்பதும் சாலை அமைப்பதைப் போன்ற வளர்ச்சிப் பணியே என்று நாம் கருதுகிறோம். ஊராட்சிச் செயலர்கள் உங்களுக்கு வழிகாட்ட ஏற்பாடு செய்வோம். ஊரின் பெயரோடு வாருங்கள்.