இரண்டாவது எண்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மோட்டார் பழுது, குப்பை வண்டி இரண்டையும் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறீர்கள். "எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கீங்களே, அப்படி யார்கிட்டதான்மா பேசுறீங்க?" என்று மாடி வீட்டுப் பெண் போன வாரம் கேட்டாள். அதற்குப் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. பாகூரில் பிறந்து பாரிசில் குடியேறிய அம்மா ஒருவர் (நம் பக்கத்தில் பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு உண்டா?), ஈப்போவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், டொரோண்டோவில் யாழ்ப்பாணத்து அக்கா, கும்பகோணத்தில் ஒரு தம்பதி, மடுகரையில் நான். நாதஸ்வரம் பிடிக்கும் என்பதால் சேர்ந்த வாட்ஸ்அப் குழு. ஆனால் பேசுவதெல்லாம் வீட்டு விஷயம்தான். மலேசியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதனால் முதல் வணக்கம் எப்போதும் ஈப்போ சாருடையது; நான் வாசல் தெளிக்கும் முன்பே அவர் காலைப் பலகாரத்தின் படத்தைப் போட்டிருப்பார். நான் ராத்திரி கதவைப் பூட்டும்போது டொரோண்டோ அக்கா காலைக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். "இன்னைக்குத் தண்ணி ஏறலை" என்று நான் எழுதினால், "எங்க லிஃப்டும் மூணு நாளா நிக்குது" என்று பாரிசிலிருந்து பதில் வரும். அதிலே ஒரு ஆறுதல்!

சனிக்கிழமை மட்டும் சினிமா. நமக்கு இரவு ஏழரை, ஈப்போவில் பத்து. அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டு, இடையிடையே எழுதிக்கொள்வோம். முதலில் பார்த்தது 'தில்லானா மோகனாம்பாள்'. 1968-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. சிவாஜிக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் புடைப்பதைப் பார்த்தால், வாசித்தது வேறு யாரோ என்று நம்ப மனசு வராது. கும்பகோணத்து அண்ணன் விரல்களை மட்டும் பார்ப்பதற்காகவே நிறுத்தி நிறுத்தி ஓட்டினாராம். எங்களைவிட அரை மணி பின்தங்கிப்போய்த் திட்டு வாங்கினார்.

டொரோண்டோ அக்காவின் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' மாதிரி இசைப்படம் என்றால் மலையிலும் வீட்டிலும் நினைத்த இடத்தில் பாடுவார்களே, இதில் ஏன் மேடையிலேயே எல்லாம் நடக்கிறது என்று. ஈப்போ சார் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. இவர்கள் தொழிலே அதுதான். மனசில் இருப்பதையும் தொழில் வழியாகத்தான் சொல்ல முடியும் என்றார். 'நலந்தானா' பாட்டு அப்படித்தானே வருகிறது? கத்திக்குத்துப் பட்டுத் தேறிய சண்முகசுந்தரம் வாசிக்கிறான். தனியாகப் போய்ப் பார்த்து விசாரிக்க மோகனாவுக்கு வழியில்லை. ஊரே உட்கார்ந்திருக்க, ஆடிக்கொண்டே விசாரிக்கிறாள். பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருக்கும் பாலையாவின் முகத்தை அப்போது பாருங்கள். சிரிக்கவும் வைக்கும், கண்ணையும் நிறைக்கும்.

போன வருஷம் ஒருநாள் ஈப்போ சாரின் காலைப் படம் வரவில்லை. மறுநாளும் இல்லை. போன் போட்டோம், அணைத்து வைத்திருந்தது. அப்போதுதான் உறைத்தது: அவர் வீட்டுப் பூனைக்கு எந்த மீன் பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும்; வீட்டு முகவரி தெரியாது. மகள் இருக்கிறாள் என்று தெரியும். அவள் எண் தெரியாது. எத்தனையோ நாள் பேசியிருக்கிறோம், இதை ஒருவரும் கேட்கவில்லை. யாரிடம் போய் விசாரிப்பது? ஒன்பது நாள் குழுவில் சமையல் பேச்சே இல்லை. ஒன்பதாம் நாள் பாரிஸ் அம்மா அந்தப் பாட்டின் பெயரை மட்டும், ஒரே சொல், எழுதிப் போட்டார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. எழுதியது மகள். மாரடைப்பு, அறுவை சிகிச்சை. அப்பாவின் போன் வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. சார்ஜ் போட்டதும் எங்கள் செய்திகள் கொட்டியிருக்கின்றன. எல்லாவற்றையும் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாளாம். பாரிஸ் அம்மாவின் ஒற்றைச் சொல் வந்தபோது சிரித்தாராம். மூன்று வாரம் கழித்து அவரே படம் போட்டார். உப்பில்லாத கஞ்சி.

அன்றைக்கே நாங்கள் ஆறு பேரும் இன்னொருவர் எண்ணையும் முகவரியையும் எழுதிப் பகிர்ந்துகொண்டோம். நான் எழுதும்போது கை நின்றுவிட்டது. பிள்ளை வெளியூரில். எனக்கு ஒன்று என்றால் முதலில் கதவைத் தட்ட வேண்டியவர் எதிர் வீட்டுக்காரர். மூன்று வருஷமாக எதிரெதிர் வாசல். அவர் எண் என்னிடம் இல்லை. நம் குடியிருப்புக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது; அதில் வண்டி நிறுத்தும் தகராறு தவிர நாம் என்ன பேசியிருக்கிறோம்?

போய்க் கேட்டேன். கொடுத்தார், காப்பியும் கொடுத்தார்.

செயலாளரிடம் சொல்லி, வீட்டுப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட வைத்திருக்கிறேன்: 'அவசரத்துக்கு அழைக்க இரண்டாவது எண்'. தனியாக இருக்கும் பெரியவர்கள் முதலில் எழுதுங்கள். என் பெயருக்கு நேரே எழுதியாகிவிட்டது. பதிவேடு அந்த மேஜையில்தான் இருக்கிறது, பேனா கட்டித் தொங்கவிட்டிருக்கிறது, தயவுசெய்து கழற்றிக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. வருகிற சனிக்கிழமை ஏழரைக்கு இதே கூடத்தில் 'தில்லானா மோகனாம்பாள்' போடலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வரும் இடத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. ஈப்போவிலும் அதே நேரத்துக்கு ஓடும்.