நாய்களின் குலமுறைக் கணக்கு



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்டவன் நாய் வளர்ப்பைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் எண்ணலாம். என் வீட்டில் போட்டிருக்க வேண்டிய ஒரு கணக்கை நான் போடாமல் விட்டேன். அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து போடப் போகிறேன்.

ஓய்வு பெற்றபின் இராஜபாளையம் இனத்துப் பெட்டை நாய் ஒன்றை வளர்த்து வந்தேன். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் அந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தலை வெளியிட்டபோது, அவற்றுள் இதுவும் இடம் பெற்றது. என் பெட்டைக்கு இணை தேடியபோது, அன்பர் ஒருவர் தம் ஆண் நாயின் வம்சாவளித் தாளைக் கொண்டுவந்து காட்டினார். அந்த ஆண் நாய்க்குத் தந்தைவழிப் பாட்டனும் தாய்வழிப் பாட்டனும் ஒரே நாய்; பல பரிசுகள் வாங்கிய நாய். என் பெட்டையின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதற்கும் இரு வழியிலும் அதே நாய்தான் பாட்டன்! "பிறக்கப்போகும் குட்டிகளுக்கு அது கொள்ளுப்பாட்டன்தானே, ஐயா? தூரத்து உறவு. அதன் மார்பும் ஓட்டமும் குட்டிகளுக்குத் தப்பாமல் வந்து சேரும்" என்றார் அன்பர். நானும் தலையசைத்தேன்.

குட்டிகள் ஆறு பிறந்தன. நான்காவது வாரத்தில் ஒரு நாள் அடுக்களையில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று விழுந்து உருண்டது. நான்கு குட்டிகள் துள்ளி எழுந்தன. இரண்டு அசையாமல் உறங்கிக் கொண்டிருந்தன.

இனி, பாடத்துக்கு வருவோம். உயிர்களின் குணங்களைத் தாங்கும் மரபணுக்கள் இரட்டை இரட்டையாக உள்ளன. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. பழுதுபட்ட மரபணுக்களுள் பல, துணையாக நல்லது ஒன்று இருக்கும்வரை வெளியே தலைகாட்டுவதில்லை. தந்தையும் தாயும் உறவினராக இருந்தால், ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரு வழியாகவும் குட்டிக்கு வந்து சேரக்கூடும். பழுது இரட்டித்தால் அது வெளிப்படும். நற்குணமும் இவ்வாறே இரட்டித்து நிலைபெறும் என்பதை மறக்கலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் என்பார் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்துத்தான் புகழ்பெற்ற லெஸ்டர் ஆடுகளை உருவாக்கினார். ஆகவே, உறவுக் கலப்பு புதிதாகப் பழுதை உண்டாக்குவதில்லை. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருகிறது.

தந்தையை மகளோடும், உடன்பிறந்தவற்றை ஒன்றோடொன்றும் சேர்ப்பதை 'இன்பிரீடிங்' என்பர். சிறந்த மூதாதை ஒன்றன் பெயர் தாளில் மீண்டும் மீண்டும் வரும்படி, சற்றுத் தள்ளிய உறவுகளைச் சேர்ப்பதை 'லைன்பிரீடிங்' என்பர். முன்னதைக் கேட்டால் முகம் சுளிப்பவரும் பின்னதைப் பெருமையாகச் சொல்லுவர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், தன்மையில் இல்லை.

அந்த அளவைக் கணிக்கும் வழியை அமெரிக்க மரபியல் அறிஞர் சூவல் ரைட் 1922ஆம் ஆண்டில் வெளியிட்டார். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியின் தந்தையில் தொடங்கிப் பொது மூதாதைவரை ஏறி, மறுபுறம் தாய்வரை இறங்குங்கள். வழியிலுள்ள நாய்களை எண்ணி, அத்தனை முறை அரையை அரையால் பெருக்குங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருந்தால் விடைகளைக் கூட்டுங்கள். தந்தையை மகளோடு சேர்த்தால் வழியில் இரண்டே நாய்கள். விடை நான்கில் ஒன்று, அதாவது 25 சதவீதம். ஒரே தந்தைக்கும் வெவ்வேறு தாய்க்கும் பிறந்தவற்றைச் சேர்த்தால் மூன்று நாய்கள்; எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். (நம் குடும்பங்களில் தாய்மாமனை மணப்பதிலும் இதே எட்டில் ஒன்றுதான் வருகிறது. அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.)

என் வீட்டுக் கணக்கு என்ன? தந்தை, பாட்டன், கொள்ளுப்பாட்டன், மறுபுறத்துப் பாட்டன் அல்லது பாட்டி, தாய் என்று வழியில் ஐந்து நாய்கள், முப்பத்திரண்டில் ஒன்று. அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் தந்தைவழியில் அந்தக் கிழநாய்க்கு ஏற இரண்டு பாதைகள். தாய்வழியில் இறங்க இரண்டு பாதைகள். ஆக நான்கு வழிகள். முப்பத்திரண்டில் நான்கு என்றால் எட்டில் ஒன்று! 'தூரத்து உறவு' என்று சொல்லி, ஒரு தந்தை மக்களையே சேர்த்ததற்கு ஒப்பான காரியத்தைச் செய்திருக்கிறேன். அதுவும் தாளில் கண்ட மூன்று தலைமுறைக்கு மட்டுமே ஆன கணக்கு. அதற்கு மேலும் உறவு இருந்திருந்தால் தொகை இன்னும் ஏறும்.

குட்டிகளின் செவிட்டுக்கு இதுவே முழுக் காரணம் என்று நான் அடித்துக் கூறமாட்டேன். உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாத வெண்ணிற நாய்களில், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் செல்கள் அழிந்துபோவதுண்டு. பெற்ற நாய்களுள் ஒன்றுக்கு ஒரு காது மட்டும் கேளாதிருந்தால், அதை வீட்டில் யாரும் அறியமுடியாது. மின்கருவிச் சோதனையால்தான் தெரியும். அந்தச் சோதனையையும் நான் செய்விக்கவில்லை.

பழுது இனம் முழுவதிலும் பரவிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புள்ளிகள் நிறைந்த தால்மேஷியன் நாயே சான்று. யூரிக் அமிலத்தைச் சரிவரக் கையாளும் மரபணு அவ்வினத்தில் அற்றே போனது. அதனால் அவற்றுக்குச் சிறுநீரில் கல் உண்டாகும் தொல்லை. உறவற்ற தால்மேஷியன்களைத் தேடிச் சேர்த்தாலும் பயனில்லை. இல்லாத பொருளை யார் கொடுக்க முடியும்? 1973ஆம் ஆண்டில் ராபர்ட் ஷெய்பிள் என்ற அமெரிக்கர் ஒரு தால்மேஷியனைப் பாயின்டர் இன நாயுடன் ஒரே ஒரு முறை சேர்த்து, அதன் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாகத் தால்மேஷியன்களோடே சேர்த்துவந்தார். புள்ளியும் வடிவமும் மீண்டன. நல்ல மரபணுவும் தங்கியது. ஆயினும் 'கலப்படம்' என்று இனப்பற்றாளர் எதிர்த்தனர். அமெரிக்க நாய்க் கழகம் 1981இல் அவற்றுள் இரண்டைப் பதிவு செய்தது. எதிர்ப்பு வரவே நிறுத்திக்கொண்டது. மீண்டும் 2011இல்தான் ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகள்!

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் தம் பெட்டையின் தாளோடு வந்தார். செவி நன்றாகக் கேட்கும் நால்வருள் ஆண் குட்டி ஒன்று என்னிடம் வளர்ந்து நிற்கிறது. அதை இணைக்குக் கேட்டார். தாளில் அதே கிழநாயின் பெயர். மாணவரைத் திண்ணையில் உட்காரவைத்து, சிலேட்டுப் பலகையை எடுத்துக் கொடுத்து, கணக்கைப் போடச் சொன்னேன். போட்டு முடித்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். செவிடான குட்டிகளுள் ஒன்றும் என்னோடுதான் இருக்கிறது. அதற்குப் பெயரிட்டுப் பயனில்லை. தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து வரும். அவர் எழுந்து புறப்பட்டபோது, அவருடைய காலடி அதிர்வைக் கேட்டு அதுவும் வாசல்வரை வந்தது.