வைரத்தின் குற்றமும் விலையும்

மகட்கு மணம் பேசுங்கால் வைரத்தோடு வாங்குதலும், இடுக்கண் வந்துழி அதனையே விற்றலும் நம்மவர்க்குப் புதியனவல்ல. வாங்கும் நாளில் ‘இது கல்லின் இயல்பு’ எனப்பட்ட புள்ளியே, விற்கும் நாளில் ‘பெருங்குற்றம்’ எனப்படுகின்றது. வணிகர்க்கு ஊதியம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. ஒரு புள்ளிக்கு இரண்டு நீதி வேண்டா என்கின்றோம்.

மதுரை மணிக்கடைத் தெருவைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வைரக்குற்றம் நான்கினைச் சுட்டும். காக்கையடி, கறை, புள்ளி, கீற்று என்பனவே அவை. இக்காலத்தார் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் நோக்கித் தரம் வகுப்பர். எனினும், குற்றம் உண்டோ என்பதினும் அஃது யாண்டுளது என்பதே வினவற்பாலது. நடுமுகத்தில் வெறுங்கண்ணுக்குத் தோன்றும் கரும்புள்ளி விலையை மிகக் குறைக்கும். ஓரத்தே பிடிப்பின்கீழ் மறைவதாயின் சிறிதே குறைக்கும். விளிம்பைத் தொடும் கீற்றோ சிறிதாயினும் அஞ்சத்தக்கது; அடிபடின் கல் ஆங்கே பிளத்தல் கூடும். கண்ணுக்குப் புலனாகாத நுண்புள்ளி ஒளியைக் கெடுப்பதில்லை. பட்டை செவ்விதாகத் தீட்டப்படாமையே கெடுக்கும். ஒளிக்கன்றோ வைரம் வாங்குகின்றோம்!

ஒரு காரட்டு 200 மில்லிகிராம். ஒரு காரட்டுக் கல்லின் விலை, அதே தரத்து அரைக் காரட்டுக் கற்கள் இரண்டின் விலையினும் மிகும். ஆகலின் எடையும் நிறமும் பட்டையும் ஒத்த கற்களோடே ஒப்பிட்டு விலை பேசுக. இயற்கைக் கல்லோ, ஆய்வகத்தில் விளைத்ததோ என்பதும் குற்றத்தின் தரமும் குறித்த சான்றிதழை வாங்கும்போதே பெற்று, நகையோடு பெட்டியில் வைத்திடுக.