இலவசம் வேறு, சுதந்திரம் வேறு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நம் முதல் சந்திப்பின் படங்களை இணையத்தில் ஓர் இலவச சேவையில் போட்டு வைத்தவன் நான். "ஆல்பம் எதுக்குய்யா? எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்" என்று ஜம்பமாகச் சொன்னேன். சேவையை மூடப்போவதாக அவர்கள் அறிவித்தது, நான் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்கு. விடுதி வார்டன் ஐயா நம்மோடு எடுத்துக்கொண்ட கடைசிப் படமும் அதோடு போயிற்று. அவர் மகள் கேட்டபோது பதில் சொல்ல நா எழவில்லை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். தமிழில் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனின் இயக்கம் கேட்பது இரண்டாவதை: மென்பொருளை இயக்க, ஆராய, திருத்த, பிறருக்குக் கொடுக்க உரிமை. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ்தான் இன்று ஆண்ட்ராய்டு போனுக்கு அஸ்திவாரம்.

ஆனால் அதே போனிலிருந்து படங்கள் போய்ச் சேர்வது யாரோ ஒருவர் கணினிக்கு. அங்கே நாம் வாடகையில்லாக் குடித்தனம். வீட்டுக்காரர் சொன்னால் காலி பண்ண வேண்டியதுதான்!

தம்பிகளே, தங்கைகளே, இன்றைய படங்களில் ஒரு பிரதியை வீட்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். நண்பர்களே, ஐயாவின் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொடுங்கள். மேடைக்குக் கீழேயே நிற்பேன்.