வயிற்றுக்குள்ளே ஒரு மெஜாரிட்டி!

(தலைப்பு: நீண்ட ஆயுளுக்குப் பெரிதும் துணை நிற்பது மருந்தா? உணவா? ‘உணவே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

மாத்திரை டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மா, “ஆன்டிபயாடிக் மட்டும் இல்லேன்னா இங்கே பாதி நாற்காலி காலியாத்தான் கிடக்கும்”னு ஒரு போடு போட்டாங்க. உண்மைங்க, நான் மறுக்கலை. மருந்தும் தடுப்பூசியும் காப்பாற்றிய உயிர்கள் கோடிக்கணக்கு. ஆனா நடுவர் அவர்களே, நோய் வந்த அன்னைக்கு உயிரைக் காப்பாத்துறது ஒரு வேலை. மத்த நாளெல்லாம் உடம்பைக் காப்பாத்துறது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையை யார் செய்யுறது? சாப்பாடுதான்!

ஒரு கணக்குச் சொல்றேன். 2016-இல் இஸ்ரேல், கனடா விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பிலே சுமார் 30 லட்சம் கோடி செல்கள். அதே உடம்பிலே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி! பெரும்பகுதி பெருங்குடலிலே. அப்போ இந்த உடம்பிலே மெஜாரிட்டி யாருக்குங்க? நமக்கு இல்லை! வெளியிலிருந்து ஆதரவு வாங்கித்தான் நாம ஆட்சியே நடத்துறோம். (சிரிப்பு, கைதட்டல்)

ஆதரவு தர்றவங்களைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும்? அவங்களுக்கு வேண்டியது நார்ச்சத்து. கீரை, பயறு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் இதிலெல்லாம் இருக்கிற நாரை நம்ம குடல் ஜீரணிக்காது. அது பெருங்குடலுக்குப் போகுது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, பியூட்டிரேட் என்ற பொருளைத் தயாரிக்குது. நம்ம பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். நாம அவங்களுக்குச் சோறு போட்டா, அவங்க நமக்குச் சோறு போடுறாங்க!

“இதுக்கெல்லாம் சாட்சி உண்டா?”ன்னு எதிரணித் தலைவர் புருவத்தைத் தூக்குறார். இருக்குங்க! அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பெருங்குடல் புற்றுநோய் அதிகம். தென்னாப்பிரிக்கக் கிராமங்களிலே அது அபூர்வம். விஞ்ஞானிகள் இங்கே 20 பேர், அங்கே 20 பேரை எடுத்து, இரண்டே வாரத்துக்குச் சாப்பாட்டை மாத்திப் போட்டாங்க. அமெரிக்கருக்கு நார் மிகுந்த கிராமத்துச் சாப்பாடு. ஆப்பிரிக்கருக்குக் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு. 2015-இல் முடிவு வெளிவந்தது. அமெரிக்கர் குடலிலே பியூட்டிரேட் கூடியது, அழற்சி குறைந்தது. ஆப்பிரிக்கர் குடலிலே நேர்மாறு! இரண்டு வாரத்திலே புற்றுநோய் வந்துச்சு, போச்சுன்னு நான் சொல்லலை. அந்த ஆபத்தைக் காட்டும் அடையாளங்கள் மாறிப்போச்சு. பரம்பரை அதே பரம்பரை, ஆளும் அதே ஆள். மாறினது தட்டு மட்டும்தான்! (கைதட்டல்)

உடனே, “அப்போ ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டா நூறு வயசா?”ன்னு கேட்பாங்க. அப்படியும் ஒருத்தர் நினைச்சார். பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்திலே இருந்த மெச்னிகாஃப். 1908-இல் நோபல் பரிசு வாங்கினவர். பரிசு தயிருக்கு இல்லை, வெள்ளணுக்கள் கிருமியை விழுங்குறதைக் கண்டுபிடிச்சதுக்கு. பல்கேரியக் கிராமத்தார் ரொம்ப நாள் வாழக் காரணம் புளித்த பால்தான்னு எழுதினார், தானும் குடிச்சார். 1916-இல் 71 வயசிலே காலமானார். ஒரு கிண்ணம் தயிர் ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனா குடலிலே இருக்கிறவன் நம்ம முதுமையைத் தீர்மானிக்கிறான்னு அவர் போட்ட கேள்வி இருக்கே, அதைத்தான் இன்னைக்கும் உலகம் ஆராயுது.

இப்போ எதிரணியின் ஆன்டிபயாடிக்குக்கு வர்றேன். அது கெட்டவனை மட்டுமா கொல்லுது? நல்லவனையும் சேர்த்துக் கொல்லுது. காலியான இடத்திலே கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில்னு ஒரு கிருமி புகுந்து, உயிரையே வாங்கும் வயிற்றுப்போக்கைத் தரும். மருந்து கொடுத்தாலும் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். நெதர்லாந்து மருத்துவர்கள் என்ன செய்தாங்க தெரியுமா? முகம் சுளிக்காதீங்க தாய்மார்களே! ஆரோக்கியமான ஒருத்தரின் மலத்தைக் கரைத்து, குழாய் வழியா நோயாளியின் குடலுக்குள்ளே செலுத்தினாங்க. 16 பேரிலே 13 பேர் ஒரே தடவையிலே குணம்! 2013-இல் வெளிவந்தது. மருந்து தோற்ற இடத்திலே, மருத்துவமே அடுத்த வீட்டுப் பாக்டீரியாவைக் கடன் வாங்குது நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

அதனாலே டாக்டர் எழுதிக் கொடுத்தா, சொன்ன நாள் வரைக்கும் மருந்தைச் சாப்பிடுங்க. சளிக்கும் தும்மலுக்கும் நாமளே கடையிலே போய் ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம்.

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ன்னு பெரியவங்க சொன்னாங்க. நம்ம பிள்ளைங்க அதை ‘நொறுக்குத் தீனி தின்றால் நூறு வயது’ன்னு புரிஞ்சுக்கிட்டாங்க! (சிரிப்பு) டப்பாவிலே கீரைப் பொரியலை வைத்தா, அது அப்படியே திரும்பி வருது. அந்தக் கீரை பிள்ளைக்கு மட்டும் இல்லை தாயே, அவன் வயிற்றிலே இருக்கிற 38 லட்சம் கோடிக்கும் சேர்த்துத்தான். கொண்டைக்கடலை, வாழைத்தண்டு, கேழ்வரகு, ஒரு டம்ளர் மோர் எல்லாம் நம்ம அடுக்களையிலேயே இருக்கு. சீட்டு எழுத ஆள் வேண்டாம்.

மருந்து, ஆபத்துக்கு வரும் விருந்தாளி. உணவு, கூடவே இருந்து குடும்பம் நடத்தும் சொந்தம். எனவே நீண்ட ஆயுளுக்குப் பெரிதும் துணை நிற்பது உணவே, உணவே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.