சட்டத் திருத்தங்களும் நம் ஓட்டும்

(ஜோகூரில் தமிழ்க் குடும்பங்களின் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாம நூத்துக்கு ஆறேழு பேர். நம்ம ஓட்டு எதை மாத்தப் போகுது?" எங்கு போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். இன்று அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில், தேர்தல் நாளன்று வேட்பாளருக்கு ஓட்டுப் போடும்போதே சில சட்டங்களுக்கும் வேண்டும், வேண்டாம் என்று மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 1994-இல் கலிபோர்னியாவில் 187-வது தீர்மானம் அப்படித்தான் வந்தது. ஆவணம் இல்லாத குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி கூடாது, பெரும்பாலான அரசு மருத்துவ உதவி கூடாது என்றது அது. பெரும்பான்மை மக்கள் ஆதரித்தார்கள். பிறகு நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் சிறுபான்மை மக்கள் நீதிமன்றத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் பெருந்திரளாகக் குடியுரிமைக்கு மனுச் செய்தார்கள், வாக்காளராகப் பதிந்தார்கள். அந்த மாநிலத்தின் அரசியலே மாறிப் போனது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. 1962 செப்டம்பர் 1. மலேசியாவோடு இணைவது பற்றிய ஓட்டு. சீட்டில் மூன்று வழிகள் இருந்தன. மூன்றுமே இணைப்புதான்! "வேண்டாம்" என்று போட இடமே இல்லை. எதிர்த்தவர்கள் வெற்றுச் சீட்டைப் போட்டார்கள். சுமார் கால் பங்கு ஓட்டு அப்படி விழுந்தது. ஆக, கேள்வியை எழுதுகிறவர் கையில்தான் பாதி முடிவு இருக்கிறது.

நம் நாட்டில் சட்டத் திருத்தத்துக்கு நம்மிடம் யாரும் நேரடியாக ஓட்டுக் கேட்பதில்லை. கூட்டரசு அரசியலமைப்பை மாற்றப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும். மக்களவையின் 222 பேரில் 148 பேர். ஜோகூர் சட்டமன்றத்தில் 56 இடம், அதில் 38. அந்த 38 பேரை நாம்தான் அனுப்புகிறோம், அல்லது வீட்டில் இருந்துகொண்டு மற்றவர்கள் அனுப்ப விடுகிறோம்.

2022 மார்ச் 12 ஜோகூர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் ஏறக்குறைய 55 விழுக்காடு. தேசிய முன்னணிக்குக் கிடைத்தது, விழுந்த ஓட்டில் சுமார் 43 விழுக்காடு. கிடைத்த இடமோ 40. பதிவு பெற்ற வாக்காளர்களில் நாலில் ஒருவருக்கும் குறைவானவர்களின் ஆதரவில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை! அந்தக் கட்சியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. விதிப்படிதான் ஜெயித்தார்கள். வராமல் போன 45 விழுக்காட்டில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. அதே தேர்தலில் புக்கிட் பத்து தொகுதியில் முதலாவதாக வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இருநூறு ஓட்டுகூட வித்தியாசம் இல்லை. இரண்டு தாமானில் உள்ள நம் குடும்பங்கள் போதும் அதை மாற்ற.

அந்தத் தேர்தலுக்கு முன்பு ஒரு பெரிய திருத்தம் வந்தது. 18 வயதில் ஓட்டு, தானியங்கி வாக்காளர் பதிவு. 2019 ஜூலை 16-இல் மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள். ஆனால் அமலாக்கத்தைத் தள்ளிப் போட்டார்கள். சரவாக் இளைஞர்கள் ஐந்து பேர் வழக்குப் போட்டு, 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2021 டிசம்பர் 15-இல் திருத்தம் அமலுக்கு வந்தது. நாடு முழுக்க 2018-இல் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர்கள், 2022 பொதுத் தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டினார்கள்.

பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் எந்த முகவரியில்? அடையாள அட்டையில் உள்ள முகவரியில். குளுவாங், சிகாமட், கூலாய் பக்கம் தோட்டத்தை விட்டு வெளியேறி மாசாயிலும் ஸ்கூடாயிலும் வாடகை வீட்டில் இருக்கிறோம். அட்டையில் இன்னும் தோட்டத்து லயம். லயம் இடிபட்டு செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. நம் ஓட்டு மட்டும் அங்கேயே கிடக்கிறது. வேலை நாளில் பஸ் செலவு பண்ணி யார் போவார்கள்? பதிவிலாகாவில் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது. வாக்காளர் முகவரியை மாற்றத் தேர்தல் ஆணையத்திடமும் விண்ணப்பம் செய்ய வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் 2022 பொதுத் தேர்தலில் அஞ்சல் ஓட்டுப் போட முடியவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு விதியைக் கேட்டுத் தெரிந்து, முதலாளியிடம் லீவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது குடியுரிமை. 2024 அக்டோபர் 17-இல் மக்களவை ஒரு திருத்தத்தை 206 ஓட்டில் நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாய் வழியாகவும் குடியுரிமை என்றது, நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் அதே திருத்தத்தில், நிரந்தர வாசியான பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளை இயல்பாகவே குடிமகன் என்ற உரிமையை எடுத்தார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருள் புரியும். இனிப்பையும் கசப்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டினார்கள். பிரித்துக் கேட்கும் உரிமை நமக்குத் தரப்படவில்லை. குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு 18 வயது ஆனாலும் ஓட்டு இல்லை.

கடைசியாகத் தொகுதி எல்லை. தீபகற்பத்தில் 2018-இல் எல்லை சீரமைப்பு முடிந்தது. எட்டு ஆண்டுக்குப் பிறகே அடுத்ததைத் தொடங்கலாம் என்கிறது அரசியலமைப்பு. 2022 பொதுத் தேர்தலில் தெப்ராவ், இஸ்கண்டார் புத்ரி நாடாளுமன்றத் தொகுதிகளில் தலைக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். லாபிஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஊரைத் தேடி வந்த தொழிலாளியின் ஓட்டு எடை குறைந்து போகிறது. இதைத் தட்டிக் கேட்க வழி உண்டு. எல்லை மாற்றத்தால் பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர்கள் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபம் கொடுத்தால், தேர்தல் ஆணையம் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அரசியலமைப்பின் 13-வது அட்டவணையில் இருக்கிறது. நூறு பேர் என்பது நம் கோயில் திருவிழாவில் ஒரு பந்திக்குக் காணாது.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் தெருவில் கூடியபோது நம்மை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2008 மார்ச் 8-இல் எண்ணினார்கள். தெருவில் நின்றவர்கள் ஓட்டுச் சாவடிக்கும் போனதால் வந்த பலன் அது.

ஆகவே வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். வீட்டில் எல்லாருடைய அட்டையையும் எடுத்து முகவரியைப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரம், குடியுரிமை சிக்கல் உள்ள அண்டை வீட்டாரை வெட்கப்படாமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். எல்லை சீரமைப்பு அறிவிப்பு வரும் நாளில் நூறு கையெழுத்து நம்மிடம் தயாராக இருக்க வேண்டும்.