மைனர் பாடம்: எடுப்பதும் முடிப்பதும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை, "அப்பா, நான் ஒரு மைனர் எடுக்கப் போகிறேன்" என்று சொன்னால், தகப்பனார் சற்றுத் திகைக்கத்தான் செய்வார். நம் நாட்டுப்புறத்தில் மைனர் என்றால் பதினெட்டு வயது நிரம்பாதவர். அல்லது பட்டு ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாகப் பாட்டன் சொத்தைக் கரைப்பவர். பிள்ளை சொல்வது இவ்விரண்டும் அன்று. பட்டத்துக்குரிய முதன்மைப் பாடத்தோடு, வேறொரு துறையிலும் குறிப்பிட்ட அளவு பயின்று தேறுவதற்கே அங்கு மைனர் என்று பெயர். நெல் வயலின் வரப்பில் உளுந்து ஊன்றுகிறோமே, ஏறக்குறைய அதைப் போன்றது.

இதில் இரண்டு முறைகள் உண்டு. பெற்றோர் பலர் இவற்றைக் குழப்பிக் கொள்கின்றனர். பல்கலைக் கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட பாடத்திட்ட வரையறையில், மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதற்குள்ளேயே 24 கிரெடிட் மைனருக்கு உரியது. இரண்டாம் பருவத்தின் முடிவில் மாணவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். பொறியியலிலோ நிலைமை வேறு. அண்ணா பல்கலைக் கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, மைனருக்கான 18 கிரெடிட், பட்டத்துக்கு வேண்டியவற்றிற்கு மேல் கூடுதலாகப் பெற வேண்டியவை. முன்னது பாத்திக்குள் அடங்கிய பயிர். பின்னது புதிதாகத் திருத்தும் நிலம்.

அந்த 18 கிரெடிட்டின் பாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று கிரெடிட் வீதம் ஆறு பாடங்கள். ஒரு கிரெடிட் என்பது பருவம் ஒன்றுக்கு 15 மணி நேர வகுப்பு. ஆக, 270 மணி நேரம். வீட்டில் படிப்பதும் தேர்வும் இதில் சேரவில்லை. ஐந்தாம் பருவத்தில் தொடங்கிப் பருவத்துக்கு இரண்டாக எடுத்தால் ஏழாம் பருவத்தில் முடியும். எட்டாம் பருவம் பெரும்பாலும் செயல்திட்ட வேலைக்கே போய்விடும். ஆறாம் பருவத்தில் விழித்துக் கொள்பவர் பாடு திண்டாட்டந்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நண்பன் எடுத்தான் என்பதற்காக எடுப்பவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்சொன்ன விதிகளில் நிதித் தொழில்நுட்பம், தொழில் முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவு ஆய்வு, சுற்றுச்சூழலும் நிலைத்த வளர்ச்சியும் என்ற பிரிவுகள் உள்ளன. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவற்றுள் இரண்டைக் குறிப்பாகச் சொல்வேன். பொது நிர்வாகத்தில் அரசியலமைப்பும் இந்திய நிர்வாக முறையும் பாடங்களாக வருகின்றன. அரசுப் பணித் தேர்வுக்கும் இவை உதவும். நாளை ஊராட்சி மன்றத்தில் அமர்ந்தாலும் உதவும். சுற்றுச்சூழல் பிரிவில் நிலைத்த வேளாண்மைக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. ஆயினும் பிள்ளைக்கு நாட்டமில்லாததை நாம் திணிக்கலாகாது.

முதன்மைப் பாடத்தில் ஏற்கெனவே அரியர் வைத்திருக்கும் பிள்ளை மைனரை நாடுவது, கிணற்றில் நீர் வற்றியிருக்கையில் ஊடுபயிர் செய்வதற்கு ஒப்பாகும். ஒன்றும் தேறாது. மேலும், மைனர் தனிப் பட்டமன்று. இயந்திரப் பொறியியல் பயின்றவர் வணிகத் தரவு ஆய்வில் மைனர் பெற்ற மாத்திரத்தில், வணிகவியல் பட்டம் கேட்கும் பதவிக்குத் தகுதி பெற்றுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. பதவிக்கான அறிவிப்பில் உள்ள வாசகமே முடிவானது. இதை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்யும் குடும்பங்கள் உண்டாதலால் வற்புறுத்திச் சொல்லுகிறேன்.

விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. பிள்ளை சேர்ந்த ஆண்டுக்குரிய விதியைக் கேட்டுப் பெறுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் விதி வேறாக இருக்கலாம். கூடுதல் கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டுமா, ஸ்வயம் இணையவழிப் பாடங்களை ஏற்பார்களா, பாதியில் விட்டால் பெற்ற கிரெடிட் மதிப்பெண் பட்டியலில் இடம் பெறுமா என்ற நான்கையும் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கேட்கலாம். நான்காம் பருவத் தேர்வுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.